மூன்றாம் கோணம்

பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகளின் காதலைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை அற்பமென்று ஒதுக்கிவிடுவது படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒருத்தி, அவளை விரும்பும் இருவர் என்ற பழைய முக்கோணத்தை வாரந்தோறும், வருஷம் 20க்கு மேற்பட்ட அத்தியாயங்களாக, இழை அறுந்துபோகாமல் பல வருஷங்கள் நெய்துகொண்டு போவது எளிய காரியமன்று. அதில் வெற்றி பெற்றவர்கள் சிலரே. தோற்றவர்களோ அநேகர், எனினும் அவர்களுடைய தோல்வியைக் கூர்ந்து நோக்கும் ரஸிகனுக்கு, இந்தக் கலையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பது வெற்றிகளைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படும்.

நம்ப முடியாத முக்கோணம் பெரும்பாலும் கால நிர்ணயத்தின் நிர்ப்பந்தத்தில் பிறக்கிறது. அமெரிக்க ஒளிபரப்பு வழக்கப்படி ஒரு தொடர் செப்டம்பர் வாக்கில் ஆரம்பித்து மே மாதம் வரை ஓடும். அத்தனை நாளும் காதலர் சேராமல் இருந்தாகவேண்டும், சேர்ந்துவிட்டாலோ ஏதாவதொரு காரணத்தால் பிரிந்தாகவேண்டும். அந்தக் காரணமாக ஒரு மூன்றாமவனை வரவழைக்கிறார்கள். அவன் அழகாக இருக்கிறான், இனிமையாகப் பேசுகிறான். ஆனால் முதலாமவன் அறியாத எதையும் கதாநாயகியைப் பற்றி அவன் அறிந்திருப்பதில்லை, அவன் முன்னிலையில் அவள் புதிதாக ஒருத்தியாக மாறுவதுமில்லை. காலதாமதம் என்னும் வேலையைச் செய்து முடித்த பிறகு, வெளியூருக்கு அனுப்பப்பட்டோ திடீரென்று துஷ்டனாக்கப்பட்டோ மறைந்துபோகிறான். அடுப்புக் கல் மூன்றில் ஒன்று குட்டையாக இருந்தால் பானை நிற்காதது போலவே, கோணங்களில் ஒன்று வெறும் பெயரளவுக்கு இருந்தால் கதையும் நிற்பதில்லை. காதலின் ஒருதலைத் தன்மையைக் கைக்கிளையென்று தனியே வகுத்துக்கொண்ட நம் முன்னோர் அதற்கும் ஓர் இலக்கணம் கண்டார்கள். இத்தகைய மூன்றாமவனுடைய அன்புக்கோ கைக்கிளையின் ஏக்கம்கூட வாய்ப்பதில்லை.

தோற்ற முக்கோணமும் வென்ற முக்கோணமும் ஒரே தொடருக்குள் அடுத்தடுத்து அமைந்த அபூர்வத்தை 'டாசன்ஸ் கிரீக்'கில் காணலாம். 1998 ஜனவரி 20 அன்று தொடங்கி, 2003 மே மாதத்தில் 128 அத்தியாயங்களோடு நிறைவுற்ற இந்தத் தொடரைச் சிருஷ்டித்தவர் கெவின் வில்லியம்சன். மாஸசூஸெட்ஸ் கடற்கரையில் கேப்ஸைடு என்னும் கற்பனையூரில் கதை நடக்கிறது; படம்பிடித்தது வட கரோலினாவின் வில்மிங்டனில். சினிமாவே உலகமென்றிருக்கும் டாசன், ஓடையின் அக்கரையிலிருந்து படகு வலித்து வந்து ஏணி வழியே அவனுடைய ஜன்னலில் ஏறும் பால்ய சிநேகிதி ஜோயி, நியூயார்க்கிலிருந்து அடுத்த வீட்டுப் பாட்டியிடம் அனுப்பப்பட்ட ஜென் ஆகிய மூவருமே முதல் முக்கோணம். டாசன் ஜென்னிடம் மயங்குகிறான், ஜோயி மனம் புழுங்குகிறாள். ஆயினும் டாசன் இறுதியில் ஜோயியிடம்தான் திரும்புவான் என்பதைப் பார்ப்பவர் தொடக்கத்திலேயே அறிந்துவிடுவதால், ஜென் தடைக்கல் என்ற நிலையிலிருந்து உயரவே இல்லை. மிஷேல் வில்லியம்ஸ் அந்தப் பாத்திரத்தில் காட்டிய சோகமும் விவேகமும் முக்கோணத்துக்குள் அடைபட்டிருந்த வரையில் வீணாயின. அதைவிட்டு வெளிவந்த பின்னரே, பாட்டியோடு அவளுக்குள்ள உறவிலும் நண்பர்களிடம் அவள் காட்டும் பரிவிலும், அவை முழுமையாக மலர்ந்தன.

மூன்றாம் வருஷத்தில் நடந்த அதிசயத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஜோயியைச் சற்றே பார்த்துக்கொள்ளும்படி டாசன் தன் உற்ற நண்பன் பேஸியிடம் ஒப்படைக்கிறான். பேஸி அந்தக் கடமையை மெய்யாகவே நிறைவேற்றுகிறான், நிறைவேற்றுகிற போதே அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். பள்ளிச் சுவரில் அவள் தீட்டிய ஓவியம் பாழாக்கப்பட்டபோது, அவள் மீண்டும் வரைவதற்கென்று ஊருக்குள் ஒரு சுவரையே அவன் வாடகைக்கு எடுத்துத் தருகிறான். இன்னொரு நாள் நடனமாடும்போது, அவள் கையில் அணிந்திருக்கும் வளை காலஞ்சென்ற அவள் தாயாருடையது என்பதை நினைவுகூர்ந்து சொல்கிறான். டாசன் அவளைக் குழந்தைப் பிராயம் முதல் அறிந்தவன், ஆனால் தன் கதையின் கதாநாயகியாகவே அறிந்தவன். பேஸியோ அவளுக்கென்று ஒரு கதை உண்டென்பதைக் கண்டுகொள்கிறான். அவனோடு இருக்கையில் அவள் வாய்த்துடுக்கும் கோபமும் துணிவும் உள்ளவளாகிறாள். டாசனோடு இருக்கையில் பழைய ஓடைக்கரைச் சிறுமியாகவே திரும்பிவிடுகிறாள். அவள் தேர்ந்தெடுக்க வேண்டியது இரு வாலிபர்களில் ஒருவனை மட்டுமன்று, தன் இரு ரூபங்களில் ஒன்றையும்தான் என்று ஆனவுடனே முக்கோணம் உயிர் பெற்றுவிடுகிறது.

ஜோயி, பேஸி இருவரின் அந்தரங்கம் டாசனுக்குத் தெரியவரும் ஒரே நாளை வெவ்வேறு பாத்திரங்களின் கண் வழியே திரும்பத் திரும்பச் சொல்லும் அத்தியாயம், இந்த வகைத் தொடர்களில் நான் கண்ட நுட்பமான வேலைப்பாடுகளுள் ஒன்று. ஒவ்வொரு தடவையும் நாம் வேறொருவர் பக்கம் சாய்கிறோம். வருஷ முடிவில் டாசனே அவளைப் போகச் சொல்லிவிட, பேஸி செப்பனிட்ட பாய்மரப் படகில் அவள் அவனோடு கடலேறுகிறாள். விட்டுக்கொடுத்துவிட்டு டாசன் அழும் முகத்தைப் பிற்காலத்தில் பலர் பரிகசித்தார்கள். பரிகசிக்கத் தக்கதாக அதில் நான் எதையும் காணவில்லை. பதினாறு பதினேழு வயதில் முதன்முதலாகத் தோற்றவனுடைய முகம் அப்படித்தான் கோணிப்போகும், ஜேம்ஸ் வான் டெர் பீக் அதை ஒளிக்காமல் நடித்தார்.

அதன்பின் தொடர் தன் சொந்த வெற்றியை நம்பவில்லை என்பது வருத்தத்துக்குரியது. டாசனும் ஜோயியும் ஆத்மபந்துக்கள் என்பதைப் பாத்திரங்களின் வாயால் சொல்லிச் சொல்லியே முக்கோணத்தை மேலும் மூன்று வருஷம் நீட்டினார்கள். சொல்லப்பட்டது அதிகமாக ஆக, காட்டப்பட்டது குறைந்தது. கடைசி வருஷத்தில் எட்டி என்னும் இளைஞனையும் கொண்டுவந்து சேர்த்தார்கள், அவனும் வந்த வழியே போனான். இரண்டாம் வருஷத்தோடு விலகிச் சென்றிருந்த வில்லியம்சன் கடைசிக் கதையை எழுதத் திரும்பி வந்தபோது, ஜோயி டாசனுக்கே என்றுதான் முதலில் எண்ணியிருந்ததாகவும், எழுதும்போது மனம் மாறியதாகவும் பின்னர் தெரிவித்திருக்கிறார். அவள் பேஸியைச் சேர்ந்தாள். படைத்தவனுடைய சங்கற்பத்தையே பாத்திரங்கள் மீறிச் செல்வதென்பது மகோன்னதமான நாவல்களுக்கு மட்டும் உரியதென்று நினைப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

2000-ல் தொடங்கிய 'கில்மோர் கேர்ள்ஸ்' இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. கதாநாயகி ரோரியை விரும்பும் இருவரில் டீன் தன் கையாலேயே ஒரு காரைக் கட்டி அவளுக்குப் பரிசளிக்கிறான். ஜெஸ்ஸோ அவளுடைய புஸ்தகத்தை எடுத்துப்போய் ஓரங்களில் குறிப்பெழுதித் திருப்பித் தருகிறான். படிப்பே உயிரான பெண்ணின் மனத்தில் எது ஆழப் பதியும் என்று விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை. பிற்பாடு விவாகமான டீனை மறுபடியும் அவளிடம் கொண்டுவந்தபோது அந்த நுட்பம் முழுவதும் கைவிட்டுப்போயிற்று.

நம்மவர்க்கு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. மிண்டி கேலிங்கும் லாங் பிஷரும் உருவாக்கி, 2020 முதல் 2023 வரை 40 அத்தியாயங்களாக வெளிவந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் தேவி விஸ்வகுமார், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அந்த வேடத்துக்கு 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். தகப்பனார் கண்முன்னே சரிந்து இறந்ததில் கால் ஸ்தம்பித்துப்போன தேவி, பாக்ஸ்டன் என்னும் அழகனைக் காணும் ஆவலில் எழுந்து நிற்கிறாள். ஆகவே அவன் வெறும் அழகனல்லன், துக்கத்தை மறப்பதற்கான வழி. சிறு வயது முதல் வகுப்பில் அவளோடு போட்டியிடும் பென்னோ, தகப்பனாரின் அஸ்தியைக் கரைக்க அவளைக் கடற்கரைக்குக் காரோட்டி அழைத்துச் செல்கிறான். ஒருவன் துக்கத்திலிருந்து அவளை விலக்குகிறான், மற்றவன் துக்கத்துக்குள்ளேயே துணை வருகிறான். இதனினும் பாராட்டத் தக்கது, அந்த இருவருக்கும் தனித்தனியே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அவரவர் வீட்டையும் தனிமையையும் தாழ்வெண்ணத்தையும் தேவியின் கண்ணுக்கு அப்பால் காட்டியிருப்பது. மூன்றாம் வருஷத்தில் தேவியின் காதலனாக வந்த டெஸ் அவ்விதம் அமையவில்லை. தன் தாயாரின் ஒரு சொல்லுக்கு அவன் விலகிப்போகையில் நமக்கு ஓர் இழப்பும் தோன்றுவதில்லை.

இவற்றைப் பார்க்க விரும்பும் அன்பர்கள் 'டாசன்ஸ் கிரீக்'கின் மூன்றாம் வருஷத்துப் பின்பாதியை மட்டுமாவது விடாமல் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதே வருஷத்தின் முற்பாதியில் ஈவ் என்னும் பெண்ணைக் கொண்டு டாசனைச் சுற்றிப் பின்னிய கதை மிகப் பலவீனமானது; அதற்காக மனம் தளர்ந்து நிறுத்திவிட வேண்டாம்.