குணசாலியும் பராக்கிரமசாலியும்

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு 'குணசாலி' என்பது. திருமண அழைப்பிதழில் அச்சாகும். ஆராதனையில் போதகர் மணமகளைப் பார்த்துச் சொல்லுவார். அவள் இறந்த பின் கல்லறைக் கல்லிலும் பொறிப்பார்கள். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்திலிருந்து வருகிற சொல் இது. குணசாலி யார் என்று நம் வீடுகளில் யாரும் விளக்க வேண்டியதில்லை. அடங்கினவள், பொறுத்துக்கொள்பவள், எதிர்த்துப் பேசாதவள்.

எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே இருப்பது 'ஹயில்' என்ற சொல். பழைய ஏற்பாட்டில் 200 தடவைக்கு மேல் வருகிறது. பலம், போர்த்திறம், படை, செல்வம் என்று இடத்துக்கேற்பப் பொருள் தரும். இன்றைய எபிரேயத்தில் படைவீரனைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 'எஷெத் ஹயில்' என்றால், நேராகச் சொன்னால், வலிமையுடைய பெண்.

இதே சொல் ஆண்கள்மேல் வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு கொடுத்த மொழிபெயர்ப்பின் வழியில் வருகிற 'பரிசுத்த வேதாகமம்'. புதிய மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் சீர்திருத்த சபைகளில் மனப்பாடமாக ஓடுவது இன்றும் பழையதுதான். அதில், நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் கிதியோன் மீதியானியருக்குப் பயந்து ஆலைப் பக்கம் ஒளிந்து கோதுமை போரடிக்கிறான். தூதன் வந்து 'ஹயில்' உள்ளவனே என்று அழைக்கிறான். தமிழில் அவன் 'பராக்கிரமசாலி'. 11ஆம் அதிகாரத்தில் யெப்தா வருகிறான். அவனும் ஹயில் உடையவன். தமிழில் அவனும் பராக்கிரமசாலி. வெற்றி கிடைத்தால் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்டு, தம்புரு அடித்து ஆடி வந்த ஒரே மகளைப் பலி கொடுத்தவன். மகளுக்குப் பெயர்கூட இல்லை. அப்பனுக்குப் பட்டம் இருக்கிறது.

ரூத்தின் புத்தகத்தில் இந்தப் பாகுபாடு ஒரே கதைக்குள் நடக்கிறது. 2ஆம் அதிகாரத்தில் போவாஸ் அறிமுகமாகும்போது அவனுக்கு ஹயில் உண்டு. தமிழ் அவனை 'ஆஸ்திக்காரன்' ஆக்குகிறது. அடுத்த அதிகாரத்தில் அதே போவாஸ் ரூத்தைப் பார்த்து, நீ ஹயில் உடைய பெண் என்று ஊருக்கே தெரியும் என்கிறான். அவள் 'குணசாலி' ஆகிறாள். கதை சொன்னவர் திட்டமிட்டே இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறார். நிலமுள்ளவனும் சிந்திய கதிரைப் பொறுக்க வந்த அயல்நாட்டு விதவையும் ஒரே தராசில் நிற்கிறார்கள். தமிழில் அந்தத் தராசே காணாமல் போயிற்று. சொத்து அவனுக்கு, குணம் அவளுக்கு.

ஒரு சிறு விஷயம் சொல்லிவிட வேண்டும். கிதியோன் கோதுமையை அடிப்பதற்கும் ரூத் தான் பொறுக்கிய வாற்கோதுமையைச் சாயங்காலம் தட்டி அடிப்பதற்கும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல். அவன் ஒளிந்து அடிக்கிறான். இவள் திறந்த வயலில் அடித்து, ஒரு எப்பா தானியத்தை, அதாவது 20 லிட்டருக்கு மேற்பட்ட சுமையை, சுமந்து ஊருக்குள் வருகிறாள். இவர்களில் யார் பராக்கிரமசாலி?

பழியை முழுக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தலையில் போட முடியாது. கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு ரூத்தை 'டுனாமிஸ்' உடைய பெண் என்றது. லத்தீன் மொழிபெயர்ப்பு நீதிமொழிப் பெண்ணை வலிமை மிக்கவள் என்றே சொன்னது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவள் 'விர்ச்சுவஸ்' ஆனாள். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் வீரம் உண்டு. ஆனால் பெண்ணுக்குச் சொல்லும்போது அது மெல்ல மெல்லக் கற்பாகவும் ஒழுக்கமாகவும் சுருங்கியது. தமிழ் 'குணசாலி' இந்தச் சுருங்கிய பொருளோடுதான் ஒத்துப்போகிறது. நம் பக்கத்திலும் இடம் தயாராக இருந்தது. பெருமையும் உரனும் ஆணுக்கு, அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு என்று தொல்காப்பியக் களவியல் எப்போதோ பிரித்துக் கொடுத்துவிட்டதே. எபிரேயப் பெண் தமிழுக்கு வந்தபோது அவளுக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் போய் உட்கார வேண்டியதாயிற்று.

இதை வெறும் அகராதிச் சண்டையாக நான் பார்க்கவில்லை. கடவுளின் வலிமையைச் சொல்லும் சொற்களே இந்தப் பெண்களுக்கும் கொடுக்கப்பட்டவை என்பதுதான் இங்கே விஷயம். 93ஆம் சங்கீதத்தில் கர்த்தர் 'ஓஸ்' என்ற வலிமையைக் கச்சையாகக் கட்டியிருக்கிறார். தமிழில் அது பராக்கிரமம். நீதிமொழிகள் 31:17இல் அந்தப் பெண்ணும் 'ஓஸ்' கொண்டு இடையைக் கட்டுகிறாள். அங்கே அது வெறும் பெலம். ரூத்துக்குக் கிரேக்கம் கொடுத்த 'டுனாமிஸ்' புதிய ஏற்பாட்டில் மரியாளை நிழலிடும் உன்னதமானவரின் வல்லமை, பவுல் கிறிஸ்துவுக்குச் சூட்டும் தேவபெலன். ஆதியாகமம் ஏவாளுக்குச் சொல்லும் 'எஸெர்' என்ற சொல் சங்கீதங்களில் கடவுளுக்கே திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இடத்தில் தமிழைக் குறை சொல்ல முடியாது. 33ஆம் சங்கீதத்தில் கேடகத்தோடு சேர்த்து, கடவுளையும் 'துணை' என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடவுள் துணை என்றால் நமக்கு மலைபோல ஒருவர் நிற்கிறார். மனைவி துணை என்றால் கூடமாட வேலை செய்ய ஓர் ஆள். அச்சில் ஒரே சொல், பிரசங்கத்தில் இரண்டு எடை.

இப்படிப் பெண்ணிடமிருந்து வலிமையை உருவிக்கொண்ட பின், கடவுளின் வலிமைக்கும் ஒரே உருவம்தான் மிஞ்சுகிறது. அது அரசனின், படைத்தலைவனின், கணவனின் வலிமை. 'சர்வவல்லவர்' என்று சொல்லும்போது நம் மனதில் சிம்மாசனம் தவிர வேறு என்ன வருகிறது? (இலக்கணம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 'தேவன் சிருஷ்டித்தார்' என்னும்போது எழுவாய் ஆண்பால் ஒருமை. பயனிலை பால் காட்டாத மரியாதைப் பன்மை. இந்தப் பிளவுக்குள் நுழைய ஒரு வழி இருந்திருக்கிறது. யாரும் நுழையவில்லை.) அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எபிரேயப் பெயர் 'ஷத்தாய்'. பழைய ஏற்பாட்டில் 48 இடங்கள், அவற்றில் 31 யோபுவில். பொருள் என்னவென்று அறிஞர்களிடையே இன்றும் முடிவில்லை. மலை என்ற அக்காடியச் சொல்லோடு இணைப்போர் உண்டு, அழித்தல் என்ற வினையோடு இணைப்போர் உண்டு, முலை என்ற எபிரேயச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. 1982இல் டேவிட் பியாலே இந்த மூன்றாவது வாசிப்பை விரிவாக எழுதினார். சொற்பிறப்பு எப்படியிருந்தாலும், ஆதியாகமம் 49:25இல் யாக்கோபு யோசேப்பை வாழ்த்தும் இடத்தில் ஷத்தாய் என்ற பெயரும் ஸ்தனங்களும் கர்ப்பமும் ஒலி ஒத்து அடுத்தடுத்து வருகின்றன. மோனை தெரிந்த எவருக்கும் அது தற்செயலாகப் படாது. கிரேக்கத்தில் பல இடங்களிலும் அது 'எல்லாவற்றையும் ஆள்பவர்' ஆயிற்று. லத்தீனில் 'எல்லாம் வல்லவர்'. ஊட்டுகிற வலிமை ஆளுகிற வலிமைக்குள் மறைந்துபோனது.

இதன் விலையைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள். பேதுருவின் முதல் நிருபத்தில் மனைவி 'பெலவீன பாண்டம்' என்று நம் திருமணங்களில் வாசிக்கிறார்களே, கிரேக்கத்தில் அது ஒப்பீடு. கூடுதல் பலவீனமான பாத்திரம். அப்படியென்றால் புருஷனும் பலவீனமான பாத்திரம்தான், கொஞ்சம் தடித்த ஓடு. பவுல் தன்னையும் சேர்த்து மண்பாண்டம் என்று சொல்லும்போதும் இதே பாத்திரச் சொல்தான். தமிழில் ஒப்பீடு விழுந்துவிட்டது, அவள் மட்டும் உடையும் சட்டியானாள்.

அதைவிட மோசமாகப் பயன்படுவது இரண்டாம் கொரிந்தியர் 12:9. தேவபெலன் பலவீனத்தில் பூரணமாகும் என்ற கருத்து. எனக்கு நெருங்கிய உறவில் ஓர் அக்கா, கன்னத்தில் விரல் தடத்தோடு ஆலோசனை கேட்கப் போனபோது, அவளுக்கு இந்த வசனத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அவளும் பல வருடம் அதைச் சொல்லியே ஜெபித்தாள். அந்த வசனத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள் அதற்கு முந்தின வசனத்தைக் கொடுக்கவில்லை. தன் முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தடவை மன்றாடினான் என்று அங்கே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 22இல் அவனைச் சவுக்கால் அடிக்கக் கட்டுகிறார்கள். அவன் பலவீனத்தில் மேன்மை பாராட்டிக்கொண்டு படுக்கவில்லை. ரோமக் குடிமகனை விசாரணையில்லாமல் அடிக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டான். கட்டு அவிழ்ந்தது. நம் அக்காமாருக்கும் 2005இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிரான அந்தச் சட்டத்தைப் பிரசங்க மேடையிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பெண்ணிய இறையியலில் இது பழைய வாதம். வலேரி செய்விங் 1960லேயே எழுதினார்: அகந்தையே மூலப்பாவம் என்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்த இறையியல். பெண்களின் சிக்கல் பெரும்பாலும் எதிர்த்திசையில், 'நான்' என்று ஒன்று இல்லாமலே கரைந்துபோவதில் இருக்கிறது. கிறிஸ்து தன்னை வெறுமையாக்கினார் என்ற பிலிப்பியர் நிருபக் கருத்து பெண்களுக்கு உதவாது என்று டாஃப்னி ஹாம்ப்சன் வாதிட்டார். சாரா கோக்லி அதை மறுத்து, மௌன ஜெபத்தில் கடவுள்முன் தன்னைத் திறந்து வைப்பது ஒடுக்குமுறைக்குப் பணிவதாகாது, அதிலிருந்தே எதிர்த்துப் பேசும் பலம் பிறக்கலாம் என்றார். கோக்லியின் எழுத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் மௌன ஜெபத்துக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் அரைமணி நேரமும் வேண்டும். அது இல்லாதவளிடம் ஹாம்ப்சன்தான் சரியாகப் பேசுகிறார். ஊற்றிக் கொடுக்க முதலில் பாத்திரத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

'குணசாலி'யை அடித்துவிட்டு 'வல்லமையுள்ளவள்' என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நீதிமொழிகளின் அந்தப் பாட்டு, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் ஆத்திசூடிபோல வரிசையாகத் தொடங்குவது. அகர முதல் னகர இறுவாய் வரை அந்தப் பெண் உழைத்துக்கொண்டே இருக்கிறாள். இருட்டோடு எழுகிறாள், நூற்கிறாள், சொந்தச் சம்பாத்தியத்தில் நிலம் வாங்குகிறாள். இரவில் விளக்கு அணைவதில்லை. புருஷன் ஊர்வாசலில் மூப்பரோடு உட்கார்ந்திருக்கிறான். வலிமை என்ற பெயரில் இந்த வேலைப்பட்டியலைக் கையில் கொடுத்தால் சபைக்கும் குடும்பத்துக்கும் மகிழ்ச்சிதான். 'எங்க அம்மா ரொம்ப ஸ்ட்ராங்' என்று பிள்ளைகள் சொல்வதன் பொருள், அவளுக்கு யாரும் உதவவில்லை என்பது. பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்கு இந்த வலிமையின் சாதி முகமும் தெரியும். தலித் பெண்ணின் உடல் உழைப்பைப் பார்க்கிற திருச்சபை, அவள் கேள்வியைப் பார்க்காது.

ஆகவே எந்த வலிமை என்று கேட்க வேண்டியிருக்கிறது. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடும்போது கடவுளை 'டுனாதோஸ்' என்கிறாள், வல்லவர். அந்த வல்லவர் ஆசனங்களிலிருந்து இறக்கித் தள்ளுவது 'டுனாஸ்தாஸ்'களை. அவர்களும் வல்லவர்கள். ஒரே வேர், வேண்டுமென்றே மோதவிடப்பட்டிருக்கிறது. தமிழில் ஒருவர் வல்லமையுடையவர், மற்றவர்கள் பலவான்கள் என்று பிரிந்ததால் அந்த மோதல் காதில் விழுவதில்லை. அதிகாரம் உள்ளவர்களுக்கெல்லாம் பெரிய அதிகாரியாக ஒரு கடவுளை அவள் பாடவில்லை. நாற்காலியைக் காலி செய்கிற வலிமையைப் பாடுகிறாள். கருவுற்ற ஏழைப் பெண் ஒருத்தி, இன்னொரு கருவுற்ற பெண்ணின் வீட்டில் நின்றுகொண்டு.

நகோமிக்கு வருகிறேன். புருஷனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் புதைத்துவிட்டு ஊர் திரும்பியவள், என்னை இனிமை என்று கூப்பிடாதீர்கள், கசப்பு என்று கூப்பிடுங்கள் என்கிறாள். தனக்கு இதைச் செய்தவர் ஷத்தாய் என்று இரண்டு முறை பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறாள். சர்வவல்லவர் என்று வாசித்தால் விதியை நொந்துகொள்ளும் ஒரு விதவை தெரிகிறாள். முலையின் ஒலி அந்தப் பெயருக்குள் இருப்பதைக் கேட்டுக்கொண்டு வாசித்தால், ஊட்ட வேண்டியவரே வெறுங்கையாக்கிவிட்டார் என்று தெருவில் நின்று சண்டை போடும் ஒருத்தி தெரிகிறாள். யாரும் அவளை வாயை மூடு என்று சொல்லவில்லை. புத்தகமும் அவளைத் திருத்தவில்லை.

அதன்பின் ஷத்தாய் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் வருவதேயில்லை. நான்காம் அதிகாரத்தில் ரூத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. ஏழு மகன்களைவிட மேலானவள் உன் மருமகள் என்று ஊர்ப்பெண்கள் நகோமியிடம் சொல்கிறார்கள். அவள் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பெயர் வைப்பதும் அக்கம்பக்கத்துப் பெண்களேதான். ஆஸ்திக்காரன் போவாஸ் அந்தக் காட்சியில் இல்லை.