தக்காளி விலையும் கரண்ட் பில்லும்

மின்கட்டணம் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது ரீடிங் எடுக்க வருபவரும் அவர் சொல்லிவிட்டுப் போகும் தொகையும்தான். அந்தத் தொகை பிறக்கிற இடம் வேறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை அமைச்சர் வைக்க முடியாது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் வைக்க வேண்டும். நிலக்கரி, வெளியில் வாங்கும் மின்சாரம், சம்பளம், தேய்மானம், வட்டி என்று மின்வாரியம் கணக்கு கொடுக்கும். ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்கும், வீண்செலவை வெட்டும், மீதியை யூனிட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும்.

ஏட்டில் இது அருமையான ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2014 டிசம்பரில் மாறிய கட்டணம் மறுபடி மாறியது 2022 செப்டம்பரில். நடுவில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் வந்துபோயின. மின்வாரியம் மனு போடாவிட்டாலும் ஆணையமே தானாக முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011லேயே சொல்லியிருந்தது. சொன்னதோடு சரி.

வசூலிக்காத செலவு எங்கும் போய்விடாது. அதற்கு ‘ஒழுங்குமுறைச் சொத்து’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி இதைக் கடன் என்பார். டெல்லியின் மூன்று தனியார் விநியோக நிறுவனங்களுக்கு இப்படிச் சேர்ந்தது 27,200 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையங்களைக் கடிந்துகொண்டு, இந்தப் பாக்கியைக் காலவரம்புக்குள் தீர்க்கச் சொன்னது. பாக்கிக்கு வட்டியும் உண்டு. தேர்தலுக்காக ஏற்றாமல் விட்ட கட்டணத்தை வட்டியோடு கட்டப்போவது அதே வீட்டுக்காரர்தான்.

இந்தக் கோழைத்தனத்துக்கு மருந்தாக வந்தது தமிழ்நாட்டு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு ஆணை. ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு, அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும். 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 சதவீதம். எட்டு வருடம் தூங்கிவிட்டு ஒரேயடியாக இடி இறக்குவதைவிட இது மேல். இதை மனதாரப் பாராட்டுவேன். 2023லும் 2025லும் வீடுகளுக்கான உயர்வை அரசே மானியமாக ஏற்றபோதுகூட, அந்தச் செலவு ஒளிந்துகொள்ளாமல் மானியமாக வெளியே தெரிந்தது.

ஆனால் அளவுகோல்? 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவுப் பொருட்களின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 46 சதவீதம். தக்காளி விலை ஏறினால் கரண்ட் பில்லும் ஏற வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? 2022இல் உக்ரைன் போரால் எகிறிய நிலக்கரி விலை 2023இல் சரிந்தது. சூத்திரத்துக்கு அது தெரியாது. மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதன் வட்டிச்சுமை சாம்பாருக்குப் போடும் காய்கறியைப் பார்த்து ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. கட்டணம் தானாக ஏறும்போது, செலவைப் பற்றிக் கேள்வி கேட்கும் கட்டாயமும் தானாகவே விழுந்துவிடுகிறது. 2022இல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. சிறுதொழில் முனைவோர் வந்தார்கள், குடியிருப்போர் சங்கத்தினர் வந்தார்கள், சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மதிப்பு உண்டு. ‘இந்த விலைக்கு ஏன் மின்சாரம் வாங்கினீர்கள்’ என்று ஒரு சாதாரண ஆள் அதிகாரியின் முகத்துக்கு நேராகக் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

கேட்க வேண்டியவை தீரவும் இல்லை. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை, குதிரைத்திறனை வைத்து உத்தேசமாகத்தான் கணக்கு. வயலுக்குப் போனது எவ்வளவு, கம்பியில் இழந்தது எவ்வளவு, திருடுபோனது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே வரியில் போய்ச் சேர்கின்றன. அந்த வரியின் மேல்தான் ஜூலை 1ஆம் தேதி அடுத்த சதவீதம் ஏறி உட்காரும்.