'அடியேன்' என்னும் சொல்லும் ஆத்ம ஸ்வரூபமும்

திருவாய்மொழி 8-8-2 பாசுரத்தில், 'என்' என்று சொல்லத்தக்க இடத்தில் ஆழ்வார் 'அடியேன்' என்று அருளிச்செய்தார். ஆத்மாவுக்கு அந்தரங்க நிரூபகம் ஜ்ஞாநமோ சேஷத்வமோ என்ற விசாரம் எழ, எம்பெருமானார் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார் என்றும், ஆழ்வான் ஆறு மாதம் காத்திருந்து பெற்ற விடை இந்தச் சொல்லே என்றும் ஸம்ப்ரதாயம் கூறும். இதனைக் கொண்டு, சேஷத்வமே ஆத்ம லக்ஷணம் என்று சொல்லி மேலே செல்வது இன்றைய உபந்யாஸ வழக்கு. அவ்வளவில் லக்ஷணம் நிறைவுறுமா என்பது ஆராயத்தக்கது.

முதல் இடர்: சேஷத்வம் சேதநனுக்கு மட்டும் உரியதன்று. கல்லும் மரமும் உள்ளிட்ட அசித்தும் எம்பெருமானுக்குச் சரீரமாய், சேஷமாயே இருக்கிறது. ஆகவே சேஷத்வ மாத்ரத்தை லக்ஷணமாகக் கொண்டால் ஆத்மாவையும் அசித்தையும் பிரித்தறிய வழியில்லை, அதிவ்யாப்தி நேரும்.

இரண்டாம் இடர்: இந்த ஆத்மாவை மற்றோர் ஆத்மாவிலிருந்து வேறுபடுத்துவது யாது? தேவ மநுஷ்யாதி பேதம் சரீரத்தைப் பற்றியது. காமக்ரோதாதி பேதம் கர்மத்தைப் பற்றியது. இரண்டும் கழிந்த முக்தர்களுக்குள் பேதம் எங்ஙனே? இவ்வினாவைத் தத்த்வத்ரயத்தில் பிள்ளை லோகாசார்யர் தாமே எழுப்பி, அளவும் எடையும் வடிவும் ஒத்த பொற்குடங்களும் நெல்மணிகளும் பலவாயிருப்பதை உதாஹரிக்கிறார். ஒப்புமை ஐக்யமாகாது என்பதற்கு இது போதும். ஆயினும், குடங்களைப் பலவென்று எண்ணுபவன் அவற்றுக்குப் புறம்பே நிற்பவன். தன்னைத் 'தான்' என்று ஓர் ஆத்மா உணர்வதற்கு, புறத்தே நின்று எண்ணுவார் வேண்டுவதில்லை. பேதம் உண்டென்பதை உதாஹரணம் காட்டுகிறது. அது உள்ளே எவ்வாறு உணரப்படுகிறது என்பதைக் காட்டுவது அதற்கு நோக்கமன்று.

அவ்விடையை ஸ்ரீபாஷ்யத்து ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் காண்கிறோம். 'நான்' என்று தோற்றுகிற அஹமர்த்தமே ஆத்மா. ப்ரக்ருதி விகாரமான அஹங்காரம் வேறு. ஆத்மா தனக்குத் தானே தோற்றுவது; இதுவே ப்ரத்யக்த்வம். ஓர் ஆத்மாவுக்கு 'நான்' என்று தோற்றுவது, ஸமமான மற்றோர் ஆத்மாவுக்கு அவ்வாறு தோற்றாது. மோக்ஷத்தில் 'நான்' அழியுமென்றால், அப்பேச்சு எழுந்தவுடனே முமுக்ஷு விலகிப் போவான் என்றும் பாஷ்யகாரர் காட்டினார். அநுபவிப்பவன் இல்லாத மோக்ஷம் யாருக்குப் புருஷார்த்தம்?

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு ஆழ்வாரின் சொல்லுக்குத் திரும்புவோம். 'அடியேன்' என்பதில் 'அடி' சேஷத்வத்தைச் சொல்லுகிறது. 'ஏன்' தன்மை ஒருமை விகுதி, சொல்லுகிறவனையே குறிக்கிறது. கல் எம்பெருமானுக்கு அடிமைதான்; ஆனால் அதனால் 'அடியேன்' என்று சொல்ல இயலாது. தன் அடிமையைத் தனதென்று அறிகிறவனுக்கே இச்சொல் உரியது. எனவே முதற்பகுதி அஹங்காரத்தைக் கழிக்க, விகுதி அஹமர்த்தத்தைக் காக்கிறது. அதிவ்யாப்தியும் இல்லை, ஆத்ம பேதத்துக்கும் குறைவில்லை. ஜ்ஞாநமோ சேஷத்வமோ என்ற வினாவுக்கு நம்பி சேஷத்வத்தையே அந்தரங்கமாக நிர்ணயித்தார்; ஆயினும் அந்நிர்ணயத்தைத் தாங்கிய சொல் ஜ்ஞாத்ருத்வத்தைக் கைவிடவில்லை.

சேஷத்வத்தை மட்டும் எடுத்து விகுதியை மறந்தால், கைங்கர்யம் செய்வார் இல்லாத கைங்கர்யத்தைப் பேசினவர்களாவோம். விகுதியை மட்டும் பற்றினால் ஸ்வாதந்த்ர்யத்தில் விழுவோம். நாள்தோறும் நாம் வணக்கச் சொல்லாக வழங்கும் 'அடியேன்' இவ்விரு பள்ளங்களுக்கும் இடையே இட்ட வரம்பு என்று உணர்ந்து சொல்லுதல் நமக்குத் தகும்.