பனிக்குடத்து நுரை

பனிக்குடம் உடைந்தால் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். 98 சதவீதம் தண்ணீரேதான். சங்கதி மிச்சத்தில் இருக்கிறது. ஆல்புமின் முதலிய புரதங்களைக் குழந்தை நீரோடு சேர்த்து விழுங்கிச் செரிக்கிறது. தாய்ப்பாலுக்கு முந்திய சாப்பாடு!

எனக்குப் பிடித்தது கொழுப்பு. நுரையீரல் முதிர முதிர, லெசித்தின் என்ற கொழுப்பு அங்கிருந்து வந்து நீரில் கலக்கும். பிறந்தபின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சரக்கு அது. 1972-இல் ஜான் கிளெமென்ட்ஸ் குழுவினர் அதை அறிய எளிய வழி சொன்னார்கள்: பனிக்குட நீரில் எத்தனால் சேர்த்துக் குலுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்தும் குழாய் விளிம்பில் குமிழி வளையம் நின்றால், நுரையீரல் பெரும்பாலும் தயார். சோப்பு நுரையைப் பார்க்கும் சிறுபிள்ளைகளைப்போல மருத்துவர்கள் காத்து நின்றிருப்பார்கள்.

குழந்தையின் தோலில் வெண்ணெயாய் அப்பியிருக்கும் பூச்சை உதிர்க்கவும் இதே கொழுப்புதான் உதவுகிறது. மாதம் நெருங்க நெருங்க நீர் கலங்கலாவது அதனால்தான்.