பழி போட இனி ஆளில்லை

பள்ளி நாட்களில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிப் பழகி, படிப்பு, வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டு, நரை விழுந்த பிறகு மறுபடி அதே மேசைக்கு வந்து உட்காருபவர்கள் பிரிட்டனில் நிறைய உண்டு. பலரும் முதலில் வாங்குவது ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைத்தான். 72இல் ஒரு பங்கு அளவில் அதன் இறக்கை நீளம் 15.6 சென்டிமீட்டர். அலமாரியில் இடம் அடைக்காது; வீட்டில் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

வருபவர் நினைவில் இருப்பது பழைய ஏர்ஃபிக்ஸ். 1952இல் அந்த நிறுவனம் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அந்த மலிவில் வந்த கிட்டுகளில் இரு பாதிகள் ஒழுங்காகச் சேர்வதே அபூர்வம். ஆனால் 1964 முதல் ராய் கிராஸ் வரைந்த பெட்டிப் படங்கள் அபாரம். படத்தில் பறந்த விமானத்துக்கும் கையில் முடிந்ததற்கும் இருந்த தூரத்துக்குச் சிறுவர்கள் கிட்டைத்தான் குறை சொன்னார்கள்.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. கணினியில் வரைந்து வார்த்த பாகங்கள் பசையே இல்லாமல் கச்சிதமாக உட்காருகின்றன. இந்தத் துல்லியத்துக்குப் பெயர் போனது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா. 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. போர்ஷே 934 கார் கிட்டுக்காக அந்தக் குடும்பத்து ஷுன்சாகு டமியா ஒரு நிஜ போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார். அதே நிறுவனத்தின் 35இல் ஒரு பங்கு அளவுக்கோ கணக்கு சாஸ்திரம் எதுவும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் செய்த பாந்தர் டாங்கியின் வயிற்றுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அப்படி அமைந்த உடம்பின் அளவே பிறகு உலகம் முழுவதும் டாங்கி மாடல்களின் வழக்கமாகிவிட்டது.

பெரிய மாற்றம் பசையில்தான். அந்தக் காலத்துக் குழாய்ப் பசை நூல் நூலாக இழுபட்டு விரல் ரேகையைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். இன்றையது தண்ணீர் போன்ற கரைப்பான். விமான உடலின் இரு பாதிகளையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் ஒரு முனையில் தூரிகையை லேசாகத் தொட்டால் போதும்; திரவம் கோடு நெடுகத் தானே ஓடிவிடும். ஓடிய இடத்தில் பாலிஸ்டைரீன் இளகும். மெல்ல அழுத்தினால் இணைப்பிலிருந்து மயிரிழை அளவு பிளாஸ்டிக் பிதுங்கி வரும். அது காய்ந்ததும் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தால் கோடு இருந்த சுவடே தெரியாது. ஒட்டுவது என்பதைவிடப் பற்றவைப்பது என்பதே பொருந்தும்.

கூட்டி முடித்த பிறகுதான் ரசனையின் வேலை. பழைய கிட்டில் தகட்டுக் கோடுகள் மேடாக இருந்தன; இப்போது பள்ளமாக வருகின்றன. நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். 72இல் ஒரு பங்கு அளவில் 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு நிஜ விமானத்தில் ஒன்றரைச் சென்டிமீட்டர் இடைவெளியாகும். அப்படி ஒன்று எந்தப் பட்டறையையும் தாண்டி வெளியே வந்திருக்காது. அந்தப் பள்ளத்தில் கறுப்பு மையை ஓட்டினால் விமானம் ஓட்டு வீட்டுக் கூரை போலாகிவிடும். அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த சாம்பல் போதும்.

வண்ணத்திலும் இதே கதை. நிஜ விமானத்தின் வண்ணத்தை அப்படியே பூசினால் சிறிய மாடலில் கனத்துத் தெரியும்; கொஞ்சம் வெளுப்பைக் கலப்பது அனுபவசாலிகள் வழக்கம். ஆனால் வெளுப்பும் துருவும் எண்ணெய்க் கறையும் கண்காட்சி மேசைகளில் இப்போது அளவு மீறித்தான் போகின்றன. 1940 கோடையின் வான்போரில் பல ஸ்பிட்ஃபயர்கள் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. வண்ணம் உரிந்து தொங்க அவற்றுக்கு நேரம் ஏது? இறக்கை வேரில், விமானி ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் தேய்மானம் காட்டியவரின் மாடல்தான் உயர்ந்தது.

மாறாமல் இருப்பது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி ஒன்றுதான். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் அதில் வெள்ளைப் புகை படிந்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசைதான் அதற்குச் சரி. சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் ஏற வேண்டும் என்பதால், ஒவ்வொரு சிறு கட்டத்தையும் ஒட்டுநாடாவால் மூடுவதிலேயே ஒரு மாலை போய்விடும். தேர்ந்தவர்கள் இதில் வீம்பு பார்ப்பதில்லை. அளவாக வெட்டி விற்கும் நாடாவைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள்.