டிரிப் ஹாப்: பெயரும் ஒலியும்

1990களில் இங்கிலாந்தில் பரவிய 'டிரிப் ஹாப்' என்னும் மெதுகதி மின்னணு இசை, இளைப்பாறுவோர்க்கான பின்னணி இசையாகவே பெரிதும் மதிக்கப்படுகிறது. போதைக் கிறக்கத்தைச் சுட்டும் 'டிரிப்' என்னும் சொல்லும் இம்மதிப்பீட்டிற்குத் துணைநிற்கிறது. எனினும், அதன் தோற்றத்தையும் ஒலியமைப்பையும் இணைத்து நோக்கின் இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

1994இல் 'மிக்ஸ்மேக்' இதழ், அமெரிக்கரான டிஜே ஷேடோவின் இசையைப் பற்றி எழுதுகையில் இப்பெயரை ஆண்டது. ஆனால் ஒலியோ பிரிஸ்டல் நகரில் முன்பே உருப்பெற்றிருந்தது. அடிமை வணிகத்தால் செல்வம் சேர்த்த அத்துறைமுக நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவினர் பலர் குடியேறினர். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும் ஜமைக்காவின் 'சவுண்ட் சிஸ்டம்' மரபும் அவர்களுடன் வந்தது. 1980களில் 'வைல்டு பன்ச்' குழு அம்மரபை ஹிப் ஹாப்புடன் இணைத்தது. அக்குழுவினர் சிலர் தொடங்கிய 'மாசிவ் அட்டாக்', 1991இல் 'புளூ லைன்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. ஜமைக்கப் பாடகர் ஹோரஸ் ஆண்டி அதில் பாடியிருப்பது இத்தொடர்பிற்குச் சான்றாகும்.

ஜமைக்காவின் 'டப்' இசையில் பாஸ் ஒலி முன்நிற்கும். குரல் எதிரொலியில் கரையும். அடிகளுக்கிடையே இடைவெளி கூடினாலன்றி எதிரொலி முழுமையாகக் கேளாது. ஆகவே, இவ்விசையின் மெதுகதி ஓய்வுக்கானதன்று. முன்னொலியின் எச்சத்தைக் கேட்கச் செய்வதற்கானது. 'டம்மி' (1994) தொகுப்பிற்காகப் போர்டிஸ்ஹெட் குழுவினர் தாம் வாசித்தவற்றையே இசைத்தட்டில் பதித்து, அதிலிருந்து மீண்டும் ஒலித்துணுக்குகளை எடுத்தாண்டதும் இந்நோக்கினதே. புதிய இசைக்குப் பழமையின் கரகரப்பு அங்குத் திட்டமிட்டே ஊட்டப்பட்டது.

போர்டிஸ்ஹெட்டின் 'குளோரி பாக்ஸ்', டிரிக்கியின் 'ஹெல் இஸ் ரவுண்ட் தி கார்னர்' ஆகிய இரண்டும் ஐசக் ஹேஸின் ஒரே பாடலிலிருந்து துணுக்கெடுத்தவை. முன்னதில் அது பெண்குரலின் ஏக்கத்திற்கு அடித்தளமாகிறது. பின்னதில் ஆண்குரலின் முணுமுணுப்பைச் சூழ்ந்து அச்சமூட்டுகிறது. எனவே, இவ்வகையின் தனித்தன்மை மூலப்பொருளில் இல்லை. அதனைக் கையாளும் முறையிலேயே உள்ளது.

இக்கலைஞர் பலர் இப்பெயரை ஏற்க மறுத்தனர். அம்மறுப்பு வெறும் பிடிவாதமன்று. கிறக்கத்தை முன்னிறுத்தும் பெயர், புலம்பெயர்ந்தோர் வரலாற்றைப் பின்தள்ளுகிறது. பெயரைவிட ஒலியைச் சான்றாகக் கொள்ளும் திறனாய்வே அவ்வரலாற்றை மீட்கவல்லது.