படிவத்தை நிரப்பியது யார்?

உடல்நலக் காப்பீட்டில் வாடிக்கையாளருக்கு உரிமையே இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் கொண்டுவந்த மாற்றங்களைப் பார்த்தாலே தெரியும். பாலிசி கைக்கு வந்தபின் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் அவகாசம் 15 நாளிலிருந்து 30 நாளானது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 4 ஆண்டு என்றிருந்தது, 3 ஆண்டாகக் குறைந்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் வர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் பணத்தை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும். கிளெய்மை நிராகரிக்க ஓர் அதிகாரியின் கையெழுத்து மட்டும் போதாது, மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலும் தேவை.

இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த உரிமைகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரி வாசலில் வேலை செய்பவை. கிளெய்மின் தலைவிதி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, முன்மொழிவுப் படிவத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

காப்பீடு முழு நம்பிக்கையின் பேரில் செய்யும் ஒப்பந்தம். தன் உடலைப் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. கொள்கையளவில் இது நியாயமே. சர்க்கரை நோயை மறைத்தவருக்கான பணமும் உண்மையைச் சொன்னவர்களின் பிரீமியத்திலிருந்துதான் போகிறது. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? நம் ஊரில் பெரும்பாலும் ஏஜென்ட்தான், அல்லது வங்கியில் டேப்லெட்டை நீட்டும் ஊழியர். “பிரஷர் மாத்திரை சாப்பிடறேன்” என்றால், “அதையெல்லாம் போடாதீங்க சார், மெடிக்கல் கேட்பாங்க, பிரீமியம் ஏறிடும்” என்பார். நோய் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் விழும், கடைசியில் ஓ.டி.பி. வரும். எண்ணைச் சொன்ன நொடியில், படித்தே பார்க்காத பதில்களுக்கெல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பாளி ஆகிறார்.

நான்கு ஆண்டு கழித்து நெஞ்சு வலி. அட்மிஷனில் டியூட்டி டாக்டர் கேட்கிறார், பதற்றத்தில் மகன் சொல்கிறார்: “ஒரு பத்து வருஷமா சுகர் இருக்கும்.” ‘ஒரு’வும் ‘இருக்கும்’ என்ற தோராயமும் கேஸ் ஷீட்டில் ஏறுவதில்லை. ‘பத்து ஆண்டு’ மட்டும் ஏறுகிறது. நிறுவனம் அதைப் படிவத்தோடு ஒப்பிட்டு, தகவல் மறைப்பு என்று கடிதம் அனுப்புகிறது. விற்றவர் தன் கமிஷனை எப்போதோ வாங்கிவிட்டார்.

நீதிமன்றங்கள் இங்கே இரு பக்கமும் நின்றிருக்கின்றன. சத்வந்த் கவுர் சந்து வழக்கில் (2009) நோயை மறைத்தவரின் கிளெய்மை நிராகரித்தது சரி என்றது உச்ச நீதிமன்றம். மன்மோகன் நந்தா வழக்கில் (2021) எதிர்த்திசை. சர்க்கரை இருப்பதைச் சொல்லி வெளிநாட்டுப் பயண பாலிசி எடுத்தவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு. உடல்நிலையை மதிப்பிட்டு பாலிசி கொடுத்தபின், சொல்லப்பட்ட நோயையே காரணம் காட்டிக் கைவிரிக்க முடியாது என்றது நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாங்குபவருக்கு ஒன்று தெளிவாகும்: சொன்ன நோய் காப்பாற்றும், சொல்லாத நோய் கழுத்தை அறுக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க ஏஜென்ட்டின் யோசனைக்குத் தலையாட்டுபவர்களும் நம்மில் உண்டு. அவர்களை அப்பாவிகள் என்று சொல்லத் தயங்குகிறேன்.

ஏஜென்ட் விஷயத்தில் சட்டம் யார் பக்கம்? ஹர்ஷத் ஷா வழக்கில் (1997) பாலிசிதாரர் பிரீமியத்தை ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தார். அது உரிய நேரத்தில் கட்டப்படவில்லை, அதற்குள் அவர் விபத்தில் இறந்தார். பிரீமியம் வாங்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் தரப்படாததால் எல்.ஐ.சி. பொறுப்பாகாது என்பது தீர்ப்பு. விற்கும்போது நிறுவனத்தின் முகமாக வருபவர், தவறு நேர்ந்தால் வாடிக்கையாளரின் ஆளாகிவிடுகிறார். இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

காலக்கெடு ஓரளவு மருந்து. உடல்நலப் பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, தகவல் மறைப்பைக் காரணம் காட்ட முடியாது. முன்பு இது 8 ஆண்டு. ஆயுள் காப்பீட்டிலோ 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 3 ஆண்டுக்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்கவிடாது. உயிருக்கு ஒரு கணக்கு, உடலுக்கு ஒரு கணக்கு.

நிராகரிப்பைவிடச் சத்தமில்லாத சிக்கல் வெட்டு. ரூம் வாடகை வரம்பு 5,000 ரூபாய் உள்ள பாலிசியில் 10,000 ரூபாய் அறையை எடுத்தால், கூடுதல் வாடகை மட்டும் உங்கள் தலையில் விழும் என்று நினைப்போம். ஆனால் மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த வெட்டு கூடாது என்று ஆணையம் விதித்திருக்கிறது. செட்டில்மென்ட் தாளில் அதைச் சரிபார்ப்பது நம் வேலை.

சண்டை போட வழி இருக்கிறது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு தரலாம். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காத வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எளியவர் பக்கம் சாய்த்து வைத்த அபூர்வமான தராசு. ஆனால் அங்கும் மேசைக்கு வரும் முதல் காகிதம் அதே முன்மொழிவுப் படிவம்தான்.

ஆணையம் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. படிவத்தை நிரப்பிய விற்பனையாளரின் பெயரும் பொறுப்பும் பதிவாக வேண்டும். பாலிசி வழங்கும் முன், நோய் பற்றிய ஒவ்வொரு பதிலையும் வாடிக்கையாளரின் மொழியில் படித்துக் காட்டி, சம்மதத்தை ஒலிப்பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாலிசியோடு படிவத்தின் நகலும் வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். 30 நாள் முடிவதற்குள் நோய் பற்றிய பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். தவறாக ‘இல்லை’ என்று இருந்தால் அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டும்.